காட்சியும் காவலும்

புதிய இடங்களைச் சென்று காண வேண்டும் என்னும் வேட்கை மக்களுக்கு இயல்பாக அமைந்ததாகும். மலையும் கடலும், காடும் அருவியும் காண்பவர் உள்ளத்திற்கு உவகையும் உடலுக்கு ஊக்கமும் அளிக்கின்றன. பல நாடுகளையும் பல மக்களையும் கண்டவரது அறிவு விரிவடைகின்றது. ஆதலின், பயணமும் கல்வியின் ஒரு பகுதியே என்று அறிஞர் கூறுவர். ஆனால், ஓர் இடத்தைக் காணச் செல்வோர், அவ்விடத்திற்குத் தாம் செய்ய வேண்டிய கடமை யாது என்று எண்ணிப் பார்ப்பது அரிதாகவே உள்ளது. கண்டு மகிழ்வதற்கு உரிமை உண்டு எனின், கண்ட பொருளைக் கெடாமல் விட்டு வருவதற்குப் பொறுப்பும் உண்டு அன்றோ? இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் இடங்களுள் ஒன்று, வியட்நாம் நாட்டின் வடபகுதியில் கடல் நடுவே அமைந்துள்ள காட்பா என்னும் தீவு.

தீவும் பூங்காவும்

வியட்நாமின் வடபகுதியில் ஹைபோங் என்னும் பெரிய துறைமுக நகரம் இருக்கின்றது. அந்நகரை அடுத்த கடலில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் கூட்டங் கூட்டமாக எழுந்து நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது காட்பா. இதற்கு வடகிழக்கே, உலகப் புகழ் பெற்ற ஹாலாங் விரிகுடா பரந்து கிடக்கின்றது. காட்பாவின் காட்டையும், அதனைச் சூழ்ந்த கடலின் ஒரு பகுதியையும் வியட்நாம் அரசு 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2004-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இத்தீவுக் கூட்டத்தை உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஹாலாங் விரிகுடா 1994-ஆம் ஆண்டிலேயே உலக மரபுச் செல்வங்களின் வரிசையில் இடம் பெற்றிருந்தது. 2023-ஆம் ஆண்டில் காட்பாத் தீவுக் கூட்டமும் அதனோடு சேர்க்கப்பட்டது.

'பூங்கா' என்னும் சொல்லைக் கேட்டவுடன், பூஞ்செடிப் பாத்திகளும், நிழல் மரத்தின்கீழ் இட்ட இருக்கைகளும், சிறுவர் ஆடும் ஊஞ்சல்களும் சிலர் நினைவிற்கு வரலாம். தேசியப் பூங்கா என்பது அத்தகையது அன்று. இயற்கையை அதன் போக்கிலேயே வாழவிட்டு, அதற்கு ஊறு நேராதவாறு ஒரு நாடு காத்துவரும் பெருங்காடே தேசியப் பூங்காவாகும். அங்கு மனிதன் விருந்தினன். மரமும் விலங்கும் பறவையுமே வீட்டுக்கு உரியவர்கள்.

கல்லும் நீரும்

காட்பாவின் மலைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. அக்கல் தோன்றிய வரலாறு வியப்பிற்குரியது. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி ஆழமில்லாத வெப்பக் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி, பவளம் முதலிய உயிர்கள் மாண்டபின், அவற்றின் ஓடுகள் கடலடியில் படிந்தன. அவை அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்து இறுகிக் கல்லாயின. பிற்காலத்தில் நிலவுலகின் மேலோடு அசைந்து உயர்ந்தபோது, கடலடியில் கிடந்த அக்கல் மலையாக எழுந்தது.

எழுந்த மலையை மழைநீர் செதுக்கத் தொடங்கிற்று. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுள் ஏற்று, மெல்லிய அமிலத்தன்மை பெறுகின்றது. அந்நீர் சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். கல்லில் உள்ள விரிசலிற் புகுந்து, விரிசலைத் துளையாக்கி, துளையைக் குகையாக்கும். மேற்பரப்பில் கத்திமுனை போன்ற கூரிய கல்முகடுகளை விட்டுச் செல்லும். இவ்வாறு நீரால் கரைந்து அமைந்த நிலத்தை நிலநூலார் 'கார்ஸ்ட்' என்னும் பெயரால் அழைப்பர். பனியூழி முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, இம்மலைகளின் இடையே இருந்த பள்ளத்தாக்குகளுள் கடல் புகுந்தது. முன்னர்க் குன்றுகளாக நின்றவை இன்று தீவுகளாக நிற்கின்றன. படகிற் செல்வோர்க்கு, பச்சைக் கடலின் நடுவே கற்றூண்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்பது போன்ற தோற்றம் புலப்படும்.

குகைகளின் உள்ளேயும் நீரின் கைவண்ணத்தைக் காணலாம். சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு கசியும் நீர், குகையின் மேல்தளத்தினின்று துளித்துளியாக வீழ்கின்றது. ஒவ்வொரு துளியும் தான் சுமந்து வந்த சுண்ணத்தில் அணுவளவை மேலேயும் அணுவளவைக் கீழேயும் விட்டுச் செல்கின்றது. மேலிருந்து ஆலமரத்தின் விழுதுபோலத் தொங்குவது கல்விழுது. கீழிருந்து முளைபோல எழுவது கல்முளை. விரல் அளவு கல்விழுது வளர்வதற்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். காண வந்த ஒருவர் அதனைக் கையால் தடவினால், கையில் உள்ள எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டிக்கொள்ளும். அவ்விடத்தில் மேலும் சுண்ணம் படிவது தடைப்படும். ஒரு கணத்து ஆவல் நூற்றாண்டுகளின் உழைப்பைக் கெடுத்துவிடுகின்றது. பூங்காவினுள் இருக்கும் டிரங் டிராங் குகைக்குச் செல்வோர் முதலில் கற்க வேண்டிய பாடம், கைகளை அடக்கிக்கொள்வதேயாகும்.

இம்மலைகளில் பெய்யும் மழை கல்லின் துளைகள் வழியே உள்ளே மறைந்துவிடுவதால், நிலத்தின்மேல் ஓடும் நீர் மிகக் குறைவு. எனினும், காட்டின் நடுவே மலைகளுக்கு இடையில் நீர் வற்றாத ஒரு சதுப்பு உண்டு. அதனை அந்நாட்டார் தவளைக் குளம் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அவ்வழியே ஒரு நாள் முழுதும் நடந்தால், மலைகள் சூழ்ந்த வியட் ஹாய் என்னும் சிற்றூரை அடையலாம்.

மலையும் மக்களும்

இத்தீவில் மனிதர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1938-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளராகிய மடலேன் கொலானி என்னும் அம்மையார், காய் பேவ் என்னும் கடற்கரையில் பழங்கால மக்களின் கல்லாயுதங்களைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மீன்பிடித்து உண்டு வாழ்ந்த மக்கள் இருந்தனர் என்பது பிற்கால அகழாய்வுகளால் தெளிவாயிற்று.

அண்மைக் காலத்திலும் இம்மலைகள் மக்களுக்குப் புகலிடம் அளித்தன. வியட்நாமில் பெரும்போர் நடந்த காலத்தில், 1963 முதல் 1965 வரையிலான ஆண்டுகளில், ஒரு மலைக்குகையினுள் மூன்று அடுக்குகள் கொண்ட மருத்துவமனை அமைக்கப்பட்டது. வானூர்திகள் குண்டுமாரி பொழிந்தபோதும், மலையின் வயிற்றுள் நோயாளிகள் பாதுகாப்பாக இருந்தனர். 1975-ஆம் ஆண்டு வரையில் அம்மருத்துவமனை பயன்பட்டது. இன்று சுற்றுலா வருவோர் அதனைக் கண்டு வியக்கின்றனர். மனிதர் உயிரை மலை காத்தது என்பதைக் கண்டு வியப்பவர், அம்மலையில் வாழும் உயிர்களை மனிதர் காத்தனரா என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விக்குரிய விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

பொன்தலை முசு

குரங்கினத்தைக் குரங்கு, முசு, ஊகம் என்று மூவகையாகத் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துக் கூறுகின்றது. நீண்ட வாலும் மெலிந்த உடலும் உடையதாய், இலைகளையே பெரிதும் உண்டு வாழும் குரங்கு வகையை முசு என்னும் பெயரால் குறிக்கலாம். காட்பாவில் வாழும் முசு, உலகில் வேறெங்கும் காணப்படாத ஒன்று. அதன் உடல் கருமை கலந்த பழுப்பு நிறம். தலையும் கழுத்தும் பொன்னிறம். பிறந்த குட்டியோ உடல் முழுதும் பொன்போல ஒளிரும். சில திங்கள் கழிந்தபின் அதன் நிறம் மாறும். 1911-ஆம் ஆண்டில் இதனை அறிவியல் உலகம் முதன்முதலாகப் பெயரிட்டு அறிந்தது.

செங்குத்தான கற்பாறைகளின்மேல், மனிதர் கால் வைக்க அஞ்சும் விளிம்புகளில், இம்முசு எளிதாகத் தாவித் திரியும். இரவில் பாறைக் குகைகளில் தங்கும். அதன் இரைப்பை பல அறைகளாக அமைந்துள்ளது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள், உண்ட இலையைப் புளிக்கச் செய்து செரிக்க உதவுகின்றன. ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே பிறக்கும்; அடுத்த குட்டி பிறப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஒன்றை இழந்தால் அவ்விழப்பு நிறைவுறுவதற்கு நெடுங்காலம் செல்லும்.

1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இத்தீவில் 2,400 முதல் 2,700 வரையில் முசுக்கள் இருந்தன என்று பிற்கால ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். 2000-ஆம் ஆண்டளவில் அவ்வெண்ணிக்கை அறுபதுக்கும் கீழே சென்றுவிட்டது. நாற்பது ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்டவை மறைந்தன. இதற்குப் பெருங் காரணம் வேட்டை. முசுவின் எலும்பையும் உடலையும் காய்ச்சி எடுக்கும் ஒருவகைப் பசை மருந்து, நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பினர். அதற்கு நல்ல விலை கிடைத்தது. முசுக்கள் இரவில் எந்தக் குகையில் உறங்கும் என்பதை அறிந்தவர்க்கு வேட்டை எளிதாயிற்று.

இதனைக் கேட்டு, அயல்நாட்டார் செய்த அறியாமை என்று தமிழர் நகைப்பதற்கு இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் கருமந்தி என்னும் முசு வகை வாழ்கின்றது. அதன் இறைச்சியிலிருந்து செய்த 'கருங்குரங்கு இரசாயனம்' உடலுக்கு வலிமை தரும் என்ற நம்பிக்கையால், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எண்ணற்ற கருமந்திகள் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைத் தடைசெய்த பின்னரே அவ்வினம் மீளத் தொடங்கிற்று. முன்னோர் கண்ட மூலிகை மருத்துவத்தைப் போற்றுதல் வேறு. ஆராயாத நம்பிக்கைக்காக ஓர் உயிரினத்தையே அழித்தல் வேறு. மரபு என்பது நல்லனவற்றைக் காக்கவே அன்றி, உயிர்களை மாய்ப்பதற்கு அன்று.

காவல் செய்த நன்மை

2000-ஆம் ஆண்டில், செருமனி நாட்டைச் சேர்ந்த விலங்கியல் அன்பர்களின் துணையோடு காட்பாவில் முசுக்களைக் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பூங்காக் காவலரோடு உள்ளூர் மக்களும் காவற்பணியிற் சேர்ந்தனர். மலையின் ஒவ்வொரு பொந்தையும் இடுக்கையும் அறிந்தவர் அம்மக்களே ஆதலின், அவர்கள் துணையின்றிக் காவல் முழுமை பெற்றிராது. முசுக்கள் மிகுதியாக வாழும் பகுதி கடுங்காவற் பகுதியாக வரையறுக்கப்பட்டது. அதனுள் சுற்றுலாப் பயணிகள் செல்ல இசைவில்லை.

எஞ்சிய முசுக்களும் ஒரே இடத்தில் இல்லை. கடலும் மலையும் இடையிட, அவை சிறு குழுக்களாகப் பிரிந்து கிடந்தன. சில குழுக்களில் ஆண் முசு இன்மையால் குட்டிகள் பிறக்கவில்லை. 2012-ஆம் ஆண்டில், ஒரு சிறு தீவில் துணையின்றிக் கிடந்த இரண்டு பெண் முசுக்களைக் காவலர் பிடித்து, பிற முசுக்கள் வாழும் பகுதிக்குக் கொண்டு சேர்த்தனர். இவ்வாறு செய்த இடைவிடா முயற்சியால் எண்ணிக்கை எழுபதைக் கடந்து ஏறிவருகின்றது. ஆயினும், உலகில் உள்ள அவ்வினம் முழுவதையும் எண்ணினால், ஒரு பள்ளியின் இரண்டு வகுப்பு மாணவர் தொகைக்கு மிகாது. ஒரு கொடிய நோயோ பெரும்புயலோ அவ்வளவையும் வாரிக்கொண்டு போகக் கூடும். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் யாகி என்னும் சூறாவளி அக்கடற்கரையைத் தாக்கிப் பெருஞ்சேதம் விளைத்தது என்பதை நினைத்தால், இவ்வச்சம் வீண் அன்று என்பது விளங்கும்.

காண வருவோர் பெருக்கம்

வேட்டை குறைந்த காலத்தில் வேறொரு சிக்கல் எழுந்துள்ளது. காட்பாவிற்கு ஆண்டுதோறும் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருகின்றனர். முன்னாளில் படகு ஒன்றே வழியாக இருந்தது. 2020-ஆம் ஆண்டில் கடலுக்கு மேலே செல்லும் கம்பிவட ஊர்தியும் வந்தது. விடுதிகளும் கடைகளும் பெருகின. இவற்றால் தீவு மக்களுக்கு வருவாய் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால், வருவோர் ஒவ்வொருவரும், 'உலகிலேயே மிக அரிய அவ்விலங்கை அருகிற் சென்று பார்த்தே தீரவேண்டும்' என்று விரும்பினால், நிலைமை யாதாகும்?

அதற்கு விடை அத்தீவின் அருகிலேயே இருக்கின்றது. அங்குள்ள ஒரு சிறு தீவிற்குக் குரங்குத் தீவு என்று பெயர். அங்கு வாழ்வன முசுக்கள் அல்ல. எங்கும் காணப்படும் வகையைச் சேர்ந்த குரங்குகளே. பயணிகள் அவற்றிற்குப் பழமும் தின்பண்டமும் கொடுத்துப் பழக்கினர். இன்று அவை காட்டில் இரை தேடுவதை விட்டு, கரைக்கு வருவோர் கையில் உள்ளதைப் பறிக்கின்றன, தடுத்தால் கடிக்கின்றன. அன்பு என்று எண்ணிச் செய்தது, குரங்கின் இயல்பையும் கெடுத்தது, மனிதர்க்கும் துன்பமாயிற்று. இலைகளையே பெரிதும் உண்ணும் முசுவிற்கு இத்தகைய 'அன்பு' செய்தால், அது அதன் உடலுக்கே கேடாக முடியும்.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. இத்தீவின் சுண்ணாம்புக் குகைகளை ஒட்டி வாழும் ஒரு நிலப்பல்லியை 2008-ஆம் ஆண்டில் அறிவியலார் புதிய இனமாக அறிவித்தனர். வரி படிந்த உடலும் பெரிய கண்களும் உடைய அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. அத்தகைய பல்லிகளைக் கூண்டில் வளர்ப்பதற்கென விலை கொடுத்து வாங்குவோர் பல நாடுகளில் உள்ளனர். ஆதலின், வியட்நாமிலும் சீனாவிலும் உள்ள அவ்வகைப் பல்லிகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்த, 2019-ஆம் ஆண்டில் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. அழகைக் கண்டவுடன் அதனைத் தனதாக்கிக்கொள்ள விழையும் மனம், அன்புடைய மனம் ஆகாது.

தடையும் உரிமையும்

'காண முடியாத விலங்கை மக்கள் எவ்வாறு நேசிப்பர்? நேசியாத பொருளை எவ்வாறு காப்பர்?' என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் ஓரளவு உண்மை உண்டு. முசுக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்ட ஆண்டுகளில் சுற்றுலாப் பயணிகள் இலட்சக்கணக்கில் வந்திலர். அன்று அவற்றை அழித்தது காட்சி வேட்கை அன்று. அவற்றின் அருமையை உலகம் அறியாமையே. ஆகவே, பூங்காவின் வாயிலை முற்றிலும் அடைத்துவிடுதல் தக்க வழி ஆகாது. வருவோர் செலுத்தும் கட்டணம் காவலுக்குப் பயன்படும். வந்து கற்றவர் பிறர்க்கும் எடுத்துரைப்பர்.

ஆனால், அறிவதற்கு அருகிற் சென்று தொட வேண்டும் என்பதில்லை. திங்கள் மண்டிலத்தைத் தொட்டவர் மிகச் சிலர். அதன் ஒளியை விரும்பாதவர் எவர்? காட்பாவின் மலைகளை ஏறிக் காணலாம், குகைகளைக் காணலாம், காட்டு வழியே நடந்து பறவைகளின் ஒலியைக் கேட்கலாம், படகிற் செல்லும்போது, நற்பேறு இருப்பின், தொலைவிலுள்ள பாறை விளிம்பில் ஒரு பொன்தலை கண்ணுக்குத் தென்படவும் கூடும். இவ்வளவும் பயணிக்குரிய பங்கு. கடுங்காவற் பகுதி முசுவிற்குரிய பங்கு. இப்பாகுபாட்டை வியட்நாம் அரசு உறுதியோடு காத்தல் வேண்டும். வருவோர் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். வருவாயைப் பெருக்கும் நோக்கத்தால் அவ்வெல்லை சிறிது சிறிதாகத் தளர்ந்தால், வருவாய்க்கு மூலமாகிய செல்வமே ஒருநாள் இல்லாது போகும்.

'உள்ளூர் ஏழை மக்களின் பிழைப்பு என்னாவது?' என்னும் கேள்வியும் புறக்கணிக்கத் தக்கது அன்று. வறுமையே பலரை வேட்டைக்குத் துரத்தியது. பசித்தவனிடம் சட்டத்தை மட்டும் காட்டுவதால் பயன் விளையாது. காவற்பணி, வழிகாட்டும் பணி, படகோட்டுதல், பயணிகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்தல் ஆகிய தொழில்களின் ஊதியம் அம்மக்களின் கைக்கே நேராகச் சேருமாறு செய்தால், உயிரோடு இருக்கும் முசுவே தமக்கு நன்மை தருவது என்பதை அவர்கள் தம் வாழ்விலேயே உணர்வர். வருவாய் அனைத்தும் பெரிய விடுதிகளுக்கே சென்று, தீவினர் கைக்குச் சில்லறையே எஞ்சுமாயின், காவல் நெடுநாள் நிலைக்காது.

ஒற்றை ஏடு

பழந்தமிழ் நூல்கள் பல, ஓலைச்சுவடிகளில் அழியும் நிலையில் கிடந்தன. ஒரு நூலுக்குப் பல படிகள் இருப்பின், ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவும். ஒரே ஒரு சுவடிதான் உள்ளது எனின், அதனைக் கையாளுவோர் எத்துணை அச்சத்தோடும் அன்போடும் கையாளுவர்! 'யானும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறேன்' என்று வருவோர் அனைவரிடமும் அதனைக் கொடுத்தால், ஏடு ஒடிந்து தூளாகும். அதனைப் பேழையில் வைத்துக் காப்பது, கற்க விரும்புவோர்க்குச் செய்யும் கொடுமை அன்று; பின்வரும் தலைமுறையினர்க்குச் செய்யும் அறமாகும். காட்பாவின் முசு அத்தகைய ஒற்றை ஏடு. அச்சுவடி அழிந்தால் வேறு படி உலகில் எங்கும் இல்லை.

ஓலைச்சுவடிக்கேனும், பார்த்துப் படியெடுக்கும் வழி உண்டு. உயிர்க்கு அவ்வழியும் இல்லை. முப்பது கோடி ஆண்டுகளாகக் கல்லும் நீரும் சேர்ந்து அமைத்த மலையில், பல்லாயிரம் தலைமுறைகளாகப் பழகி வாழ்ந்த ஓர் உயிரினத்தை, மனிதன் நாற்பது ஆண்டுகளில் அழிவின் விளிம்பிற்குக் கொண்டு சென்றான். அம்மனிதனே பின்னர்க் கைகொடுத்து அதனைத் தூக்கியும் நிறுத்தினான். அழிக்கும் ஆற்றலும் காக்கும் ஆற்றலும் ஒரே கையில் உள்ளன.

ஆகவே, காட்டைக் காணச் செல்லும் இளைஞர் சில நெறிகளை உள்ளத்தில் பதித்துக்கொள்வாராக. காட்டில் உரத்த குரல் வேண்டா. கல்லையும் கொடியையும் கிள்ளி எடுத்தல் வேண்டா. விலங்கிற்கு உணவு கொடுத்தல் வேண்டா. வகுத்த வழியை விட்டு விலகுதல் வேண்டா. குப்பையை விட்டு வருதல் ஒருபோதும் வேண்டா. இந்நெறிகள் காட்பாவிற்கு மட்டும் உரியன அல்ல. முதுமலைக்குச் செல்வோர்க்கும் களக்காட்டிற்குச் செல்வோர்க்கும் இவை பொருந்தும்.

காட்பாவிற்குச் சென்றவருள் பெரும்பாலோர் பொன்தலை முசுவைக் காணாமலே திரும்புகின்றனர். அதனால் தம் பயணம் வீணாயிற்று என்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை. தாம் நடந்த வழிக்கு அப்பால், தம் காலடி படாத ஒரு பாறைமேல், ஒரு தாய் முசு தன் பொன்னிறக் குட்டியை அணைத்துக்கொண்டு அச்சமின்றி அமர்ந்திருக்கின்றது என்னும் எண்ணமே அவர்கள் கொண்டுவரத்தக்க சிறந்த பரிசு. அக்குட்டி வளர்ந்து பெருகுவதற்குத் தாம் விலகி நின்றதும் ஓர் உதவியாகும் என்பதை உணர்ந்தவரே உண்மையில் அத்தீவைக் கண்டவராவர்.